போர்ப்பூவும் களைப்பூண்டும்

புறப்பொருள் இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் தும்பைத் திணையைத் தொடாமல் போக இயலாது. ஆநிரை கவர்தல் வெட்சி, மண்ணாசையால் படையெடுத்தல் வஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை. இவை ஒவ்வொன்றிலும் கைக்கொள்ள ஒரு பொருள் உண்டு. தும்பையில் அப்படி எதுவும் இல்லை. தன் வலிமையை நிலைநாட்டுவது ஒன்றையே கருதி வந்த வேந்தனை, அதே கருத்தோடு மற்றொருவன் எதிர்கொண்டு அழிப்பது தும்பை. இரு திறத்து வீரரும் ஒரே பூவைச் சூடி நிற்பர் என்பதையும் வகுப்பில் சொல்லிவந்தோம். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இதை நடத்திய பிறகே, அந்தப் பூவை நாம் பார்த்ததில்லை என்பது நமக்குத் தெரிந்தது.

சரியாகச் சொன்னால், பார்த்திருக்கிறோம், ஆனால் அறிந்ததில்லை. மார்கழி மாதத்து முற்பகல் ஒன்றில் இளங்கலை மாணவர் சிலரைக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த தரிசுக்கு அழைத்துச் சென்று, 'இதுதான் வீரர் சூடிய தும்பை' என்று ஒரு செடியைக் காட்டினோம். வெளிர்நிறப் பூக்கள் தலைகுனிந்து நின்றன. கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, இது தும்பை இல்லீங்க. கவிழ்தும்பைங்க. எங்கம்மா கூடக் களையெடுக்கப் போறப்ப நிறையப் பாத்திருக்கேன்." பத்தடி தள்ளிப் போய் முழங்கால் உயரச் செடி ஒன்றைக் கிள்ளி வந்தாள். "தண்டை உருட்டிப் பாருங்க ஐயா" என்றாள். உருட்டினோம். விரலிடையில் அது உருளவில்லை, தட்டித் தட்டித் திரும்பியது. தண்டுக்கு நான்கு பட்டைகள். பிறகு வெண்ணிறப் பூ ஒன்றைப் பிடுங்கி அடியை உறிஞ்சிக் காட்டினாள். தேன் இருந்தது.

'தும்பை விட்டு வாலைப் பிடித்த' பழமொழியில் வரும் தும்பு மாட்டுக் கயிறு, தும்பைச் செடியன்று என்று ஆண்டுதோறும் மாணவரைத் திருத்துபவர் நாம். அன்று நம்மைத் திருத்த ஒரு மாணவி வேண்டியிருந்தது. இக்கட்டுரை அந்தக் கூச்சத்தில் பிறந்தது. தும்பையையும் அதன் உறவுக்களைகளையும் மனிதர் எவ்வாறு இனங்கண்டு வந்தனர் என்னும் வரலாற்றை, கிடைத்த நூல்களைக் கொண்டும் நடந்து பார்த்த வரப்புகளைக் கொண்டும் இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

பெயர் காட்டும் உறவும் பெயர் மறைக்கும் உறவும்

கவிழ்தும்பையைத் தும்பையென்று கொண்டது பெயரால் விளைந்த பிழை. தமிழில் தும்பை என்று முடியும் பெயர்கள் பல உண்டு. காசித்தும்பை தோட்டங்களில் பல நிறத்தில் பூக்கும் பால்சம். முற்றிய காயைத் தொட்டால் வெடித்துச் சுருளும். தும்பைக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. கவிழ்தும்பை வேறொரு குடும்பத்தது. அதன் தண்டு உருண்டது. மேல் இலைகள் எதிரெதிராக அமையாமல் மாறிமாறி நிற்கும். பூவும் ஐந்து இதழும் ஒத்த அளவுடைய, ஒழுங்கான வட்டப் பூ. பெயர் ஒன்றாக இருப்பதால் குலம் ஒன்றாகிவிடாது.

ஆயினும் நாட்டுப்பெயர்கள் எல்லாம் இவ்வாறு நம்மை ஏமாற்றுபவை என்று கொள்ளலாகாது. மலையாளத்தில் தும்பை 'தும்ப' எனப்படும். ஓணப் பூக்களத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. நாம் பேய்மிரட்டி என்றழைக்கும் செடியை அவர்கள் 'கரிந்தும்ப' என்பர். பூவின் நிறம் வேறு, உயரம் வேறு, இலை வேறு. இருந்தும் அதைத் தும்பையின் இனமாக அங்குள்ளோர் கண்டுவைத்திருந்தனர். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரும் கொங்கணி மருத்துவர் மூவரும் அந்நூலுக்குச் செடிகளின் பெயரும் பயனும் உரைத்தனர். தும்பையும் கரிந்தும்பையும் அந்நூலின் 10ஆம் தொகுதியில் இடம்பெற்றன. ஐரோப்பியர் இந்த இரு செடிகளையும் ஒரே குடும்பத்தில் வைப்பதற்கு நூறாண்டு முன்பே மலபார் மக்களின் பெயரில் அந்த உறவு பதிவாகிவிட்டது.

எண்ணிக்கையால் ஓர் ஒழுங்கு

ஐரோப்பியர் சென்ற வழி வேறு. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் பூவிலுள்ள மகரந்தத்தாள்களை எண்ணிச் செடிகளை வகுத்தார். தும்பை, துளசி போன்றவற்றின் பூவில் மகரந்தத்தாள்கள் நான்கு. அவற்றுள் இரண்டு நெடியவை, இரண்டு குறியவை. இந்த அமைப்புடைய வகுப்புக்கு அவர் 'டைடினேமியா' என்று பெயரிட்டார். இருவர் வலியர் என்பது அதன் பொருள். அவ்வகுப்பையும் அவர் இரண்டாகப் பிரித்தார். விதை வெளியே தெரிவது ஒரு பிரிவு, விதை ஓர் உறைக்குள் அடங்கியிருப்பது மற்றொரு பிரிவு.

நம் வயலிலேயே இதற்குச் சான்று கிடைக்கும். எள்ளுக்கும் தண்டு பட்டையானது, பூவுக்கு உதடு உண்டு, மகரந்தத்தாள்களும் இரண்டு நெடிது, இரண்டு குறிது. ஆனால் எள்ளின் விதைகள் காய்க்குள் அடுக்கடுக்காக மூடிக்கிடக்கும். தும்பையில் பூ உதிர்ந்தபின் மிஞ்சும் குவளையைக் கவிழ்த்துத் தட்டினால், அடியில் நான்கு சிறு மணிகள் ஒன்றையொன்று ஒட்டி அமர்ந்திருப்பது தெரியும். அவற்றை உறையற்ற விதைகள் என லின்னேயஸ் கருதினார். அது பிழை. உண்மையில் அவை நான்காகப் பிளவுபட்ட ஒரே கனியின் துண்டுகள். விளக்கம் பிழையாயினும் அவர் கண்ட வேற்றுமை இன்றளவும் பயன்படுகிறது. எள் இன்று வேறு குடும்பத்தில்தான் இருக்கிறது.

1789இல் பிரான்சின் ழூஸ்யூ, எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் பல உறுப்புகளின் ஒப்புமையைக் கொண்டு குடும்பங்களை வகுத்தபோது, பூவின் உதடு போன்ற தோற்றத்தால் இக்குடும்பத்தை 'லேபியேட்டே' என்றார். 1820இல் ரஷ்யரான மார்த்தினோவ் 'லேமியேசி' என்னும் பெயரைத் தந்தார். இரண்டும் இன்று செல்லும். புதினாவும் இக்குடும்பமே ஆதலால் புதினாக் குடும்பம் என்றும் துளசிக் குடும்பம் என்றும் தமிழில் வழங்குகிறோம்.

நம் கடற்கரையும் இவ்வரலாற்றில் உண்டு. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1776இல் அங்கு வந்த ராட்லர் பாதிரியார் தமிழகத்துச் செடிகளை உலர்த்திச் சேர்த்தார், தமிழ்ச் சொற்களையும் சேர்த்தார். அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1834 முதல் பகுதி பகுதியாக அச்சேறியது. செடியையும் சொல்லையும் ஒருவரே தேடிய காலம் அது. தும்பையை அறிவியல் உலகுக்கு விவரித்தவர் பெர்லினின் வில்டெனோ. பெர்லின் அரச தோட்டத்துச் செடிகளைப் பட்டியலிட்டு 1809இல் அவர் வெளியிட்ட நூலில் அது 'ஃப்ளோமிஸ் ஆஸ்பெரா' என இடம்பெற்றது. 1810இல் ராபர்ட் பிரவுன் 'லூகாஸ்' என்ற பேரினத்தை நிறுவ, 1822இல் லிங்க் தும்பையை அதில் சேர்த்து 'லூகாஸ் ஆஸ்பெரா' என்றார். லூகாஸ் வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஆஸ்பெரா என்றால் சொரசொரப்பு. தும்பைப்பூப் போல வெளுத்த வேட்டி என்று நம்மவர் சொல்வதும், பெர்லினில் வைத்த பெயரும் ஒரே வெண்மையைத்தான் சுட்டுகின்றன.

பிறகு ஜார்ஜ் பெந்தம் 1832 முதல் 1836 வரை வெளியிட்ட நூலில் உலகின் லேபியேட்டே முழுவதையும் ஒழுங்குபடுத்தினார். சென்னை மாகாணத்துக்கென்று கேம்பிள் தொடங்கிய தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதிகளாக வெளிவந்தது. திருச்சியில் 1967இல் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய மேத்யூ பாதிரியார், 1980களில் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை விரிவாகப் பதிவு செய்தார். தமிழ்ப் புலமையின் பக்கமிருந்து பி.எல். சாமியும் கு. சீநிவாசனும் சங்க இலக்கியச் செடிகளைத் தாவரவியலோடு பொருத்திக் காட்டினர். அந்நூல்கள் நம் கல்லூரி நூலகத்திலேயே இருந்தன. நாம்தான் அவற்றைக் கையிலெடுத்துக்கொண்டு வெளியே போகவில்லை.

வரப்பில் நின்று பார்க்கும் முறை

இனி, இக்குடும்பத்தை எப்படி அறிவது? ஒரே அடையாளத்தை நம்புவோர் ஏமாறுவர் என்பதே நம் அனுபவம் தந்த முதற்பாடம்.

தண்டு நான்கு பட்டையாக இருக்க வேண்டும். ஆனால் உண்ணிச்செடிக்கும் தண்டு அப்படியே, அதிலும் இலையைக் கசக்கினால் வாசனை வேறு வரும். நிலவேம்புக்கும் தண்டு நான்கு பட்டையே. எனவே அடுத்து இலையைப் பார்க்க வேண்டும். இலைகள் எதிரெதிராக இணையிணையாக நிற்கும். ஓர் இணை கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த இணை வடக்குத் தெற்காக நிற்கும். இதுவும் அவ்விரு செடிகளுக்கும் பொதுவே. மூன்றாவது மணம். நிலவேம்பை இங்கே விலக்கிவிடலாம். அதற்குக் கசப்பு உண்டு, மணம் இல்லை. நான்காவது பூ. இதழ்கள் அடியில் குழலாக இணைந்து, மேலே இரண்டு உதடாகப் பிரியும். ஐந்தாவதும் முடிவானதும் கனி. உலர்ந்த குவளையின் அடியில் நான்கு மணிகள் வரை காணப்படும். உண்ணிச்செடியில் இருப்பது சதைப்பற்றுள்ள கரும்பழம். நிலவேம்பில் இருப்பது இரண்டாக வெடிக்கும் காய். கவிழ்தும்பையிலும் நான்கு மணிகள் உண்டு, ஆனால் அது தண்டிலும் பூவிலும் முன்னரே தோற்றுவிட்டது. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் களைகளிடையே பிழை நேர்வது அரிது.

குடும்பம் தெரிந்தபின் ஆளை அறிய வேண்டும். தும்பை ஓராண்டுச் செடி, சாண் முதல் முழங்கால் உயரம் வரை வளரும். இலை ஒடுங்கி நீண்டிருக்கும். தண்டைச் சுற்றிப் பந்துபந்தாகக் குவளைகள் செறிந்து, அவற்றிலிருந்து வெண்பூக்கள் எட்டிப் பார்க்கும். மேலுதடு சிறியது, பஞ்சு போர்த்தியது போல வெண்மயிர் அடர்ந்தது. கீழுதடு அதனினும் நீண்டு விரிந்து வண்டுக்கு இருக்கையாகும்.

பேய்மிரட்டி ஆளுயரம் வரை வளரக்கூடிய பல்லாண்டுச் செடி. இலை தடித்து, அடிப்புறம் வெண்ணிறப் பஞ்சு படர்ந்து, முகர்ந்தால் காட்டமான நெடி வீசும். பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் நனைத்து விளக்கேற்றும் வழக்கம் சிற்றூர்களில் உண்டு.

நாய்த்துளசியைக் கஞ்சாங்கோரை என்றும் சொல்வர். மணத்தால் துளசியின் உறவென்று உடனே தெரியும். ஆனால் பூவை உற்றுப் பார்த்தால் தும்பைக்கும் இதற்கும் ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. தும்பையில் மகரந்தத்தாள்கள் மேலுதட்டின் குடைக்குள் ஒதுங்கி நின்று வரும் வண்டின் முதுகில் பொடி பூசும். துளசி இனத்தில் அவை கீழுதட்டின் மேல் சாய்ந்து கிடந்து வண்டின் வயிற்றில் பூசும். ஒரே வண்டு இரண்டுக்கும் போனாலும் பொடி கலப்பதற்கு வாய்ப்புக் குறைவு. லின்னேயஸ் 1755இல் நாய்த்துளசிக்கு 'ஓசிமம் அமெரிக்கானம்' என்று பெயரிட்டார். செடியோ ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. பெயரால் ஏமாறியவர் நாம் மட்டுமல்லர் என்று சற்றே ஆறுதல் கொண்டோம்.

உண்மையில் அமெரிக்காவிலிருந்து வந்தது இன்னொரு களை. நெடுஞ்சாலை ஓரங்களிலும் சிதைந்த காட்டின் விளிம்புகளிலும் ஆளுயரத்துக்குப் புதராக மண்டி நிற்கும். இலை அகன்று மயிரடர்ந்திருக்கும், மணம் மிகக் கடுமை, பூ சிறியது, ஊதா. லின்னேயஸ் 1759இல் பெயரிட்ட இதனை நெடுங்காலம் 'ஹிப்டிஸ் சுவாவியோலென்ஸ்' என்றனர். இப்போது 'மெசோஸ்பேரம்' என்னும் பேரினத்தில் வைக்கின்றனர். இதன் குவளையில் ஐந்து கூரிய முட்கள் உண்டு. அவை வேட்டியிலும் ஆட்டு மயிரிலும் பற்றி ஊர்விட்டு ஊர் போகும். விதையை நீரிலிட்டால் சப்ஜா விதை போலக் கூழாக உப்பும். நம் மாணவர்கள் இதைக் கண்டபோது 'ஏதோ ஒரு துளசி' என்றனர். எந்தத் திணையும் இதற்கு இடம் தரவில்லை, எந்தப் புலவரும் பாடவில்லை. ஆயினும் தும்பை நின்ற தரிசுகளில் இன்று இதுவும் வேரூன்றி நிற்கிறது.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பாம்புக்கடிக்குத் தும்பைச் சாறு போதும் என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களில் வலுவாக இருக்கிறது. செடியைச் சரியாக அறிந்தோரும் அதை நம்பி நேரத்தை இழக்கலாகாது. கடிபட்டவரை விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வதே வழி.

குறிஞ்சிப்பாட்டில் மூன்று பூக்கள்

குடும்பத்தின் எல்லை அண்மைக் காலத்தில் மீண்டும் மாறியது. நொச்சி, தேக்கு, குமிழ் ஆகியவை நெடுங்காலம் உண்ணிச்செடியின் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1990களில் உறுப்பமைப்பையும் மரபணுவையும் ஆய்ந்தவர்கள் அவற்றைத் துளசிக் குடும்பத்துக்கு மாற்றினர். 2004இல் வெளிவந்த தொகுப்பு ஒன்றில் இக்குடும்பத்துக்கு 236 பேரினங்களும் ஏறத்தாழ 7,000 இனங்களும் கணக்கிடப்பட்டன.

இம்மாற்றம் புறப்பொருள் படித்தவர்க்கு ஒரு வியப்பைத் தருகிறது. மதில் காப்பவன் சூடுவது நொச்சி, களத்தில் நேருக்கு நேர் நின்று பொருபவன் சூடுவது தும்பை. புறப்பொருள் வெண்பாமாலையில் தனித்தனிப் படலங்களுக்குப் பெயராகி நிற்கும் இவ்விரு செடிகளும் இன்று ஒரே குடும்பம். ஆநிரை மீட்போர் சூடும் கரந்தையைக் கொட்டைக்கரந்தை என்போரும் உளர், திருநீற்றுப்பச்சை என்போரும் உளர். பின்னவர் கூற்றே சரியாயின் அதுவும் இக்குடும்பமே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அவ்வரிசையில் நொச்சி வகையென்று கொள்ளப்படும் சிந்துவாரமும், தும்பையும், துழாயும் அடுத்தடுத்து நிற்கின்றன. கபிலர் தாவரக் குடும்பம் அறிந்து வைத்தார் என்று நாம் சொல்லவரவில்லை. தும்பையையும் துழாயையும் சேர்த்தது மோனையாகவே இருக்கலாம். ஆனால் அவர் அம்மூன்றையும் தனித்தனியே பிரித்தறிந்தவர் என்பதில் ஐயமில்லை. பெயரை எழுதிய கை பூவையும் தொட்டிருக்கும்.

பெரும்போருக்கு இத்துணைச் சிறிய பூ ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. நமக்குத் தோன்றும் விடை ஒன்றே. தும்பை தேடிப் போக வேண்டாத பூ. உழுது விட்ட நிலத்திலும் தரிசிலும் திறந்த வெளியிலும் தானே முளைப்பது. படை பொரும் இடமும் அத்தகைய வெளியே. பொன்னும் மண்ணும் கருதாத போருக்கு விலையில்லாத பூ பொருத்தம்தானே.

களையெடுப்பவர் அறிவு

அம்மாணவியின் தாயாரை ஒருமுறை கடலைக் காட்டில் சந்தித்தோம். களைக்கொத்தால் கொத்திக்கொண்டே, நிமிராமல், ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். எது மாடு தின்னும், எது தின்னாது, எதைப் பூக்கும் முன் எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு இரட்டிப்பாகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வரப்போரத்தில் நின்ற தும்பையை மட்டும் கொத்தாமல் விட்டிருந்தார். காரணம் கேட்டோம். "அது ஈசனுக்கு ஆகும்ங்க சாமி, பிள்ளைகளும் தேன் குடிக்கும்" என்றார். பிறகு தாமாகவே, "அடுத்த வெள்ளாமைக்கு எங்களைக் கூப்பிட மாட்டாங்க. மருந்து அடிச்சுக்குவாங்க" என்றார்.

தீயோரை ஒறுத்தலைப் பயிரினிடையே களையெடுப்பதற்கு வள்ளுவர் ஒப்பிட்டார் (550). அந்த உவமையில் களையெடுப்பவனுக்குப் பயிர் எது, களை எது என்று தெரியும். 1940களில் புழக்கத்துக்கு வந்த 2,4-டி போன்ற களைக்கொல்லிகளின் கணக்கு வேறு. அதன் வகைப்பாட்டில் குடும்பங்கள் இரண்டே: புல்லினம், அகன்ற இலை. மலபார் மருத்துவரின் பெயரறிவு, லின்னேயஸின் எண்ணிக்கை, பெந்தமின் உழைப்பு, கபிலரின் அடுக்கு ஆகியவற்றின் வேறுபாடுகள் எவையும் அந்தத் தெளிப்பானுக்குத் தேவையில்லை. கூலியாள் கிடைக்காத உழவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் குனிந்து களையெடுத்தவர் நிமிர்ந்து வீட்டுக்குப் போகும்போது அவரோடு ஒரு நிகண்டும் வயலைவிட்டு வெளியேறுகிறது என்பதையாவது நாம் எழுதிவைக்க வேண்டும்.

இப்போது தும்பைத் திணை நடத்தும் நாளில் நாம் வகுப்பறைக்குச் செல்வதில்லை. தரிசுக்குச் செல்கிறோம். முதலில் ஒவ்வொருவரும் தண்டை உருட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் நூற்பா.